நல்ல தண்ணீரில் சாகும் தங்கமீன்

கலங்கிய தண்ணீரில், கைப்பிடி அகலக் கண்ணாடிக் குடுவையில், பல மாதங்களாக ஒரு தங்கமீன் உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு அதை வீட்டுக்கு எடுத்து வருகிறார். குடுவையைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மீனை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் காலையில் மீன் மல்லாந்து மிதக்கிறது. "அழுக்குத் தண்ணியிலகூட நல்லாத்தான் இருந்துச்சு, சுத்தம் பண்ணதும் செத்துப்போச்சு" என்ற புலம்பல் வண்ண மீன் கடைக்காரர்களுக்குப் புதிதல்ல. இதற்கான காரணம் தண்ணீரின் வேதியியலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்குச் சின்னத் தொட்டியில்கூட மீட்ட மீனைப் பிழைக்க வைக்க முடியும், பெரிய இடம் கிடைக்கும்வரையாவது.

தங்கமீன் மீட்கப்படும் சூழல்கள் நமக்குத் தெரிந்தவைதான். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் தொட்டியை விட்டுவிட்டுப் போகிறார்கள். பிறந்தநாள் விழாவில் பாலிதீன் பையில் இரண்டு மீனைப் பரிசாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். மூடிய அலுவலகத்தின் வரவேற்பறையில் மீன்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. எடுத்து வருகிறவரிடம் நான்கடித் தொட்டி தயாராக இருப்பதில்லை. வீட்டில் இருப்பது ஒரு குடுவை, அல்லது பரணில் தூசி படிந்த ஓரடித் தொட்டி. முதல் சில வாரங்களை அதில்தான் ஓட்டியாக வேண்டும்.

கெண்டை வீட்டுப் பிள்ளை

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சந்தைகளில் கிடைக்கும் ரோகு, கட்லா ஆகியவற்றுக்கு உறவு. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, சாம்பல் நிறக் கெண்டைகளுக்கு நடுவே அவ்வப்போது தோன்றிய மஞ்சள், சிவப்புக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்து வளர்த்ததில் உருவானது. இன்று சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் தொங்கும் பைகளுக்குள் ஒராண்டா, பிளாக் மூர், ரியூக்கின், ஷுபுன்கின் என்று பல வடிவங்களில் இருப்பவை எல்லாம் ஒரே இனம்தான்.

கடையில் கட்டைவிரல் நீளத்தில் இருப்பதால் இது சின்ன மீன் என்று வாங்குகிறவர் நினைத்துவிடுகிறார். நீள உடல் கொண்ட சாதாரணத் தங்கமீன் நல்ல இடத்தில் 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டை உடல் வகைகள் 15 முதல் 20 சென்டிமீட்டர். ஆயுளும் அப்படித்தான்: பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்வது இயல்பு. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1956-இல் ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது.

'தொட்டியின் அளவுக்குத் தகுந்த மாதிரிதான் வளரும்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்மைதான். கழிவு சேர்ந்த தண்ணீரும் குறைந்த ஆக்சிஜனும் அதன் வளர்ச்சியை முடக்கிவிடுகின்றன என்பதே அதற்குக் காரணம். வயது குறைந்த மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றினால் அது மறுபடி வளரத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

'தங்கமீன் எதையும் தாங்கும்' என்பது இன்னொரு நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆக்சிஜன் அடியோடு இல்லாமல் போனால் பெரும்பாலான விலங்குகளின் உடலில் லாக்டிக் அமிலம் சேர்ந்து அவை சாகும். தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் அந்த லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றி, செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகின்றன. ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான நொதியையும் அதன் மரபணுப் பின்னணியையும் 2017-இல் விளக்கினார்கள். வட ஐரோப்பாவில் ஏரி உறைந்த பின் பனிக்கட்டிக்கு அடியில் குரூசியன் கெண்டை இப்படித்தான் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. தங்கமீனுக்கு இந்தத் திறமை சற்றுக் குறைவு. முக்கியமாக, இது உறைகுளிரில் உடல் இயக்கம் மந்தமாகும்போது கைகொடுக்கும் உத்தி. 30 டிகிரி வெயிலில், உடல் முழு வேகத்தில் இயங்கும்போது, இதனால் பெரிய பலன் இல்லை.

ஒரு கிராம் உணவின் கணக்கு

மீன் தின்னும் புரதத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறி, செவுள் வழியாக வெளியேறுகிறது. நம்மைப் போல யூரியாவாக மாற்றிச் சேமித்து வைக்கும் வேலை அதற்கு இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அப்படியே விட்டுவிடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். குடுவையில் அதற்குப் போக இடமில்லை.

மீன் பண்ணைகளில் பயன்படும் ஒரு எளிய சூத்திரம், உணவின் எடையை அதிலுள்ள புரத விகிதத்தாலும் பிறகு 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால் உண்டாகும் அம்மோனியா நைட்ரஜனின் அளவு கிடைக்கும் என்கிறது. 40 சதவீதம் புரதம் உள்ள குருணை ஒரு கிராம் போட்டால் சுமார் 37 மில்லிகிராம் அம்மோனியா. நடுத்தர அளவுள்ள மூன்று தங்கமீன்களுக்கு ஒரு கிராம் ஒருநாள் உணவு.

இந்த 37 மில்லிகிராம் 5 லிட்டர் குடுவையில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் மேல் வரும். கடைகளில் 'ரெண்டடித் தொட்டி' என்று விற்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்கில் 56 லிட்டர் பிடிக்கும். அடியில் கல் போட்டு, மேலே நாலு விரல் இடம் விட்டால் 45 லிட்டர்தான் நிற்கும். அதில் அதே கழிவு லிட்டருக்கு 0.8 மில்லிகிராம். ஒரு கரண்டி உப்பைத் தம்ளர் மோரில் போடுவதற்கும் அண்டா மோரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. உருண்டை உடல் வகைக்கு முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்தடுத்த மீனுக்கு 40 லிட்டர் என்று அனுபவசாலிகள் சொல்வது ஆடம்பரத்துக்காக அல்ல. கொள்ளளவு கூடக்கூட, ஏதாவது தவறு நடந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

பொறி எங்கே இருக்கிறது

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னூட்டமில்லாத அம்மோனியா. செவுளின் மெல்லிய திசுவை எளிதாகக் கடந்து மீனின் உடலுக்குள் புகுந்துவிடும் நஞ்சு இது. மற்றொன்று மின்னூட்டம் பெற்ற அம்மோனியம். அதன் தீங்கு மிகக் குறைவு. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன.

வெப்பம் 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 6.5 என்றால் மொத்தத்தில் கால் சதவீதம்தான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் ஏழரை சதவீதம். கிட்டத்தட்ட 30 மடங்கு.

நீண்ட நாள் மாற்றாத தண்ணீர் மெல்ல மெல்லப் புளிப்பேறுகிறது. அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழித்தபடிதான் வேலை செய்யும். காரத்தன்மை தீர்ந்து பி.எச். சரிந்தால் அந்த நுண்ணுயிர்களே மந்தமாகிவிடும். அம்மோனியா குவியும். ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் அதில் பெரும்பகுதி அம்மோனியம் வடிவில் அடங்கிக் கிடக்கும். மீன் வாடிப்போய் இருக்கும், சாகாது.

அந்தக் குடுவையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அம்மோனியா சேர்ந்திருக்கிறது, பி.எச். 6.5 என்று வைத்துக்கொண்டால், நஞ்சு வடிவம் 0.013 மில்லிகிராம் மட்டுமே. மீட்டவர் பாதித் தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு, பி.எச். 8 உள்ள கடினமான போர் தண்ணீரை ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். மொத்த அம்மோனியா பாதியாகி 2.5 ஆகிறது. குடுவையின் பி.எச். 8-ஐ நெருங்கினால் நஞ்சு வடிவம் 0.19-க்குப் போகும். 0.05-ஐத் தாண்டினாலே செவுள் சேதமடையத் தொடங்கும். அழுக்கைப் பாதியாகக் குறைத்த அதே செயல் நஞ்சைப் பதினான்கு மடங்காக்கிவிட்டது.

முழுத் தண்ணீரையும் மாற்றினால் அம்மோனியா போய்விடும். அங்கே வேறு ஆபத்து. பல மாதங்களாக ஒரு வகைத் தண்ணீருக்கு ஏற்ப உப்புச் சமநிலையைச் சரிசெய்துகொண்ட உடல், ஒரு நிமிடத்தில் முற்றிலும் வேறான தண்ணீரைச் சந்திக்கிறது. குழாய் தண்ணீராக இருந்தால் அதில் குளோரினும் இருக்கும். ஏற்கெனவே நொந்த செவுளை அது எரித்துவிடும்.

முதல் வாரம்

மீனை அது இருந்த தண்ணீரோடு எடுத்துவர வேண்டும். புதுத் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரம் என்றால் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலில் சில சொட்டுகள் போதும். அந்தத் தண்ணீரை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில், சில மணி நேர இடைவெளியில், நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்றிக்கொண்டே போக வேண்டும். பி.எச். மெல்ல ஏறும், அம்மோனியா கூடவே இறங்கும், மீனின் உடல் பழகிக்கொள்ளும். நாலைந்து நாளில் பெரும்பாலும் புதுத் தண்ணீராகியிருக்கும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் கிடைத்தால் இந்த நாள்களில் அது பெரிய காப்பு.

முதல் இரண்டு நாள் உணவே வேண்டாம். நன்றாக வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். ஆனால் போடும் ஒவ்வொரு குருணையும் சில மணி நேரத்தில் அம்மோனியாவாகத் திரும்பி வரும்.

இந்த நாள்களில் கண்ணை நம்புவதைவிடச் சோதனைச் சொட்டுகளை நம்புவது நல்லது. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் அம்மோனியா சோதனைப் பெட்டியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, சொன்ன எண்ணிக்கையில் சொட்டுகள் விட்டு, மூடிக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தால் நிறம் மாறும். எலுமிச்சை மஞ்சள் அப்படியே நின்றால் அம்மோனியா இல்லை. இளம்பச்சை படர்ந்தால் கவனம் தேவை. தழைப் பச்சைக்குப் போனால் அன்றைக்கே தண்ணீரில் கை வைக்க வேண்டும். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையின் அடர்த்தி தெளிவாகத் தெரியும். தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதுகூட இந்தக் குழாய் பச்சையாகும்.

கண்ணுக்குத் தெரியாத தோட்டிகள்

தினமும் தண்ணீர் மாற்றிக்கொண்டே காலம் தள்ள முடியாது. 20 லிட்டர் தொட்டியில் இரண்டு மீனுக்கு அரை கிராம் உணவு போட்டால் நாளுக்கு லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் அம்மோனியா சேரும். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினாலும், அடுத்த மாற்றத்துக்கு முந்தைய நிமிடத்தில் அது 1.8-ஐ நெருங்கிவிடும். நுண்ணுயிர்கள் இல்லாமல் சின்னத் தொட்டியை வெல்ல முடியாது.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைச் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் பிரித்துக் காட்டினார். மீன் தொட்டியில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அங்கே உண்மையில் பெருகியிருப்பது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் டிமத்தி ஹோவானெக்கின் குழு காட்டியது. 2015-இல் இன்னொரு வியப்பு: இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில கிடைத்தது மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டியிலிருந்து.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிடப் பரப்புகளில் ஒட்டி வாழ்வதே அதிகம். கல், கண்ணாடி, எல்லாவற்றையும்விட ஸ்பாஞ்சின் நுண்துளைகளில். மிக மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் போதுமான அளவு சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் குடுவையைத் தேய்த்துக் கழுவிய அந்தக் கை இன்னொரு தவறையும் செய்துவிடுகிறது. இருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவையும் குழாய் தண்ணீர் கொன்றுவிடும்.

காற்று மோட்டாரில் இயங்கும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் சின்னத் தொட்டிக்குப் போதுமானது. மீனை மீட்கும் இடத்தில் பழைய ஃபில்டர் இருந்தால் அதையும் ஈரத்தோடு கொண்டுவர வேண்டும். இல்லையென்றால், நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் புது ஃபில்டரோடு சேர்த்துக் கட்டலாம். பல வாரக் காத்திருப்பு இதனால் வெகுவாகக் குறையும். ஸ்பாஞ்சை அலச வேண்டியிருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

பாக்டீரியா பெருகும் இடைக்காலத்தில் நைட்ரைட் ஏறும். அது செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் பழுப்பாகத் தெரியும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதற்குச் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பைக் கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்த்தால், அதிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும். அயோடின் சேர்க்காத கல்லுப்பே போதும். கண்ணளவில் அள்ளிப் போடாமல் நிறுத்துப் போட வேண்டும்.

கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் அவ்வளவு கொடியது அல்ல. வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் அது போய்விடும். மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேரை மட்டும் தொட்டிக்குள் இறக்கி, இலையை வெளியே படரவிட்டால் அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும். தங்கமீன் வேரைக் கொஞ்சம் கடித்துப் பார்க்கும், கொடி தாங்கிக்கொள்ளும்.

மூச்சும் இரைப்பையும்

20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் வெப்பம் ஏறும்போது மீனின் தேவை கூடுகிறது. சித்திரை வெயிலில் சின்னத் தொட்டி இரு பக்கமும் அடிவாங்குகிறது. ஜன்னலோரத்தைத் தவிர்த்து, காற்றுக் கல்லை நாள் முழுக்க ஓடவிட்டு, மின்வெட்டுக்கென்று பேட்டரி மோட்டார் ஒன்றை வைத்துக்கொள்வது அவசியம். கரண்ட் போனால் மீனுக்கு முன்பே ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியா மூச்சுத் திணறத் தொடங்கும்.

உருண்டைக் குடுவை இந்த விஷயத்தில் மோசமானது. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள குடுவையைப் பாதிவரை நிரப்பினால் காற்றைத் தொடும் நீர்ப்பரப்பு சுமார் 490 சதுர சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் வாய்வரை நிரப்பினால் 79 மட்டுமே. தண்ணீர் கூடுகிறது, மூச்சுவிடும் பரப்பு ஆறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இத்தாலியின் மொன்சா நகரம் 2004-இலும் ரோம் நகரம் 2005-இலும் உருண்டைக் குடுவையில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தன.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. சேர்த்து வைத்துச் செரிக்க இடமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதே அதன் உடலுக்கு ஒத்துவரும். ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை, நாளுக்கு இரண்டு முறை போடலாம். உருண்டை உடல் வகைகளுக்குக் குருணையை ஊறவைத்துப் போடுவது நல்லது. வாரத்தில் ஒருநாள் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி, மசித்து. ஆள் அருகில் போனதும் மீன் முன்னே வந்து நிற்பதைப் பசி என்று நினைத்து மறுபடி போடக் கூடாது. அது ஆளைக் கண்டு பழகிவிட்டது, அவ்வளவுதான். தங்கமீனின் நினைவு மூன்று நொடிதான் என்பது கட்டுக்கதை. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஆறு தங்கமீன்கள், தாங்கள் நீந்தும் திசைக்கேற்ப நகரும் சக்கரத் தொட்டியை இலக்கை நோக்கி ஓட்டக் கற்றுக்கொண்டதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்படிக் கற்கும் உயிரைத் திரும்ப இடமில்லாத கண்ணாடிக்குள் ஆயுள் முழுக்க வைப்பது கொடுமை.

அடுத்த வீடு

ஆகவே சின்னத் தொட்டி தற்காலிகம்தான். அடுத்த இடம் கண்ணாடியாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நூறு லிட்டர் பிளாஸ்டிக் டப் அதே கொள்ளளவுக் கண்ணாடித் தொட்டியைவிட மலிவு, பரப்பும் அகலம். நிழலான பால்கனியில் வைத்து, காகமும் பூனையும் வராமல் வலை போட்டால் போதும். புதுச் சிமென்ட் தொட்டியாக இருந்தால் சுண்ணாம்பு கசிந்து பி.எச். எகிறும். பலமுறை தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகே மீனை விட வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பித்தளை அண்டாவையோ செம்புப் பாத்திரத்தையோ எடுக்கவே கூடாது. கரையும் தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே மீனின் செவுளைக் கெடுக்கும்.

ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். அது விடுதலை மாதிரி தோன்றும். ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் யாரோ விட்ட தங்கமீன்கள் பெருகி, உலகிலேயே வேகமாக வளரும் தங்கமீன்களில் சேர்ந்துகொண்டன. மர்டாக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பொருத்திக் கண்காணித்ததில் ஒரு மீன் ஓராண்டில் 230 கிலோமீட்டர் நீந்தியிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில், பர்ன்ஸ்வில் நகர ஏரியில் 2021-இல் கால்பந்து அளவு தங்கமீன்களைப் பிடித்த நகராட்சி, வளர்ப்பு மீனை ஏரியில் விடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. இவை அடிச் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், நீர்ச்செடிகளைப் பிடுங்கும், நோயையும் கொண்டுசெல்லும். நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட சக்கர் மீனும் இப்படித் தொட்டியிலிருந்து போனதுதான்.

வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பெரிய தொட்டி உள்ள பள்ளிக்கோ, வண்ண மீன் பண்ணைக்கோ, தோட்டத் தொட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கோ கொடுக்கலாம். கொடுக்கும்போது மீனின் வயது, தின்னும் உணவு, இப்போதைய தண்ணீரின் பி.எச். ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது உதவும். ஃபில்டரின் ஸ்பாஞ்சும் கூடவே போக வேண்டும். மீன் ஒரு பையிலும், தொட்டித் தண்ணீரில் நனைந்த ஸ்பாஞ்ச் காற்றோட்டமான இன்னொரு டப்பாவிலுமாகப் போய்ச் சேர்ந்து, அன்றைக்கே புதுத் தொட்டியில் காற்று மோட்டாரோடு இணைக்கப்பட்டால், அதில் குடியிருக்கும் பாக்டீரியா முதல்நாளிலிருந்தே அம்மோனியாவைக் கவனித்துக்கொள்ளும்.